கடல் எவ்வளவு தூரம்னு முதல்ல சொல்லுங்க

ஐப்பசி மாசம் ஒரு நாள் சாயங்காலம் அம்மா ஃபோன் பண்ணி "மக்களே, நெட்டு போச்சு, டிவி பொட்டியும் எரியல்ல"ன்னு சொன்னாங்க. போன வருஷமும் இதே மாசம் இதே வார்த்தைதான். அப்ப புது ரவுட்டர் வாங்கிக் கொடுத்தது நான், அதனால எனக்குக் கோவம் வந்துட்டு, இடி வந்தா சுவிட்ச ஆஃப் பண்ணுங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்னு கேட்டேன். "எல்லா சுவிட்சும் நிறுத்திட்டுத்தான் அடுக்களைல வந்து இருந்தேன், வேணும்னா அப்பாகிட்ட கேளு"ன்னாங்க. அம்மா பொய் சொல்ல மாட்டாங்க. அப்ப எப்படிப் போச்சுன்னு யோசிக்க ஆரம்பிச்சதுல வந்ததுதான் இந்தப் பதிவு.

அம்மா வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல. சித்திரை வைகாசியிலயும் அப்புறம் ஐப்பசி கார்த்திகையிலயும் மத்தியானம் தாண்டி மலைப்பக்கம் கறுத்துச்சுன்னா போதும், அரை மணி நேரத்துல இடி தலைக்கு மேல நிக்கும். நான் கல்யாணம் ஆகி வந்தது முட்டத்துக்கு, லைட்ஹவுஸ் வெளிச்சம் மொட்டைமாடில தெரியுற தூரத்துல வீடு. ரெண்டும் ஒரே கன்னியாகுமரி மாவட்டம்தான், தக்கலை வழியா பஸ் மாறிப் போயிரலாம், ஆனா பொருள் கெட்டுப்போற விதம் மட்டும் ரெண்டு ஊருலயும் வேற வேற. அங்க இடி கொண்டு போவும், இங்க உப்பு கொண்டு போவும்.

நான் தக்கலைல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல எட்டு வருஷம் பாடம் எடுத்தவ. அதனால சொந்தக்காரங்க எல்லாரும் எந்த ஃபோன் வாங்கணும், எந்த டிவி நல்லதுன்னு என்கிட்டதான் கேப்பாங்க, கேக்குறதுக்கு முன்னாலயே நாலு ரிவ்யூ வீடியோ பாத்து முடிவும் பண்ணி வச்சிருப்பாங்க. அந்த வீடியோ எடுக்குறவங்க பெங்களூர்லயோ டெல்லிலயோ ஏசி ரூம்ல இருந்து பேசுறவங்க. அவங்களக் குத்தம் சொல்லல்ல, கேமரா எப்படி, ஸ்கிரீன் எப்படின்னு நல்லாவே சொல்லுறாங்க, ஆனா நம்ம ஊரு காத்து அவங்களுக்குத் தெரியாதே. அதனால இப்பல்லாம் யாரு கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி, வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? ரெண்டாவது கேள்வி, வீட்டுல எர்த், அதாவது கசியுற கரண்ட்ட மண்ணுக்குள்ள இறக்கி விடுற கம்பி, ஒழுங்கா இருக்கா? இது ரெண்டும் தெரிஞ்சப்புறம்தான் மெகாபிக்சல் பத்திப் பேசலாம்.

எர்த் கதைய முதல்ல சொல்லிருதேன். அம்மா வீட்டுக்கு வந்த ஒயர்மேன் அண்ணன் பொறுமையா விளக்கினாரு. நம்ம வீட்டு சுவிட்சு எல்லாம் ஒத்தைக் கம்பியத்தான் துண்டிக்கும், ஃபேஸ் மட்டும், நியூட்ரல் அப்படியே கருவியோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், அதுவும் இல்லாம வானத்துல இருந்து கிலோமீட்டர் கணக்குல காத்தப் பொளந்துக்கிட்டு வர்ற மின்னலுக்கு சுவிட்சுக்குள்ள இருக்க ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளியெல்லாம் ஒரு தடையே இல்ல. மின்னல் நம்ம வீட்டு மேல விழணும்னுகூட இல்ல, பக்கத்துல எங்கயோ விழுந்தாக்கூட லைன் கம்பியில ஒரு பெரிய துள்ளல் வரும், அது நேரா உள்ள ஏறும். அதனால பிளக்கையே புடுங்கணும். மழை தொடங்குனப்புறம் இல்ல, மலை கறுக்கும்போதே புடுங்கணும், இடி தலைக்கு மேல வந்தப்புறம் ஒயர்ல கை வைக்கவே கூடாது.

சரி, எங்க வீட்டுல ஃபைபர்தானே, கண்ணாடி இழைதானே, கண்ணாடில கரண்ட் போகாதேன்னு நான் கேட்டேன். இழை கண்ணாடிதான், ஆனா போஸ்ட்ல இருந்து வீட்டுக்கு இழுக்குற கேபிள்ல தாங்குறதுக்குன்னு பல நேரம் ஒரு இரும்புக் கம்பியும் கூட வரும்னு அவரு வெட்டிக் காட்டினாரு. அது போக ரவுட்டர் அடாப்டர் கரண்ட்லதான் இருக்கு, ரவுட்டர்ல இருந்து டிவி பொட்டிக்கு லேன் ஒயர் போவுது, டிவி பொட்டில இருந்து மொட்டைமாடி டிஷ்ஷுக்கு இன்னொரு ஒயர் போவுது. ஒண்ணுல ஏறினா எல்லாத்துக்கும் நடந்து போயிரும். அம்மா வீட்டுல வழி காட்டுனது அந்த டிஷ் ஒயர்தான்னு அவரு நினைக்காரு. டிஷ் ஒயரையும் பின்னால இருந்து கழத்தணும்னு எங்க யாருக்கும் இதுவரை தோணினதே இல்ல.

அப்புறம் அவரு எர்த் குழியப் பாத்தாரு. வீடு கெட்டினப்ப போட்ட பைப்பு, மேல வர்ற கம்பி துருப்பிடிச்சு அத்துப் போய்க் கெடக்கு, எத்தனை வருஷமா அப்படிக் கெடக்குன்னு யாருக்கும் தெரியாது! வீட்டுல மூணு முள்ளு பிளக் எல்லாம் இருக்கு, அந்தப் பெரிய மூணாவது முள்ளு எங்கயும் போய்ச் சேரல்ல. கிரைண்டர் தொட்டா லேசா சுர்ருங்குதுன்னு அம்மா ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஈரக்காலோட நிக்காதீங்கன்னு மட்டும் நாங்க சொல்லிக்கிட்டு இருந்தோம். அத நினைச்சா எனக்கு இப்பவும் வயித்தக் கலக்குது. ரவுட்டர் போனது எவ்வளவோ நல்லது.

புதுசா குழி எடுத்து, ஜிஐ பைப்பு இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, மேல தண்ணி ஊத்த ஒரு வழி வச்சாச்சு. கோடையில மண்ணு காயும்போது வாரத்துல ஒரு நாளு ஒரு குடம் தண்ணி ஊத்தணும், அத அப்பா ஏத்துக்கிட்டாரு. மெயின் போர்டுல ஆர்சிசிபி ஒண்ணும், சர்ஜுக்குன்னு, அதாவது லைன்ல வர்ற அந்தத் துள்ளலுக்குன்னு, எஸ்பிடி ஒண்ணும் வச்சாரு. இது ரெண்டையும் பலரு ஒண்ணுன்னு நினைக்காங்க. ஆர்சிசிபி ஆளக் காப்பாத்த, 30 மில்லி ஆம்பியர் வெளிய கசிஞ்சாலே பட்டுன்னு விழுந்துரும். எஸ்பிடி பொருளக் காப்பாத்த, துள்ளி வர்றத எர்த்துக்குத் திருப்பி விடும், ஆனா எர்த்தே இல்லாத வீட்டுல எஸ்பிடி வச்சா அது எங்க திருப்பும்? கடையில விக்கிற ஸ்பைக் கார்டு பலகைக்கும் இதே கேள்விதான். அதுக்குள்ள இருக்க சின்ன வில்லை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும், பச்சை லைட்டு எரியுதுன்னு அஞ்சு வருஷம் நம்பிக்கிட்டு இருக்க முடியாது. நாப்பத்தஞ்சாயிரத்துக்கு டிவி வாங்குற வீட்டுல முதல்ல எர்த் பாருங்க, உங்க கால்ல விழுந்து கேக்குறேன்.

இனி முட்டத்துக்கு வருவோம்.

இங்க ஆனி ஆடில கடல்காத்து அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடியத் தொட்டு நாக்குல வச்சா உப்பு கரிக்கும். உப்போட குணம் என்னன்னா அது காத்துல இருக்க ஈரத்த இழுத்து வச்சுக்கிடும், மழை இல்லாத நாள்லகூட இரும்பு மேல எப்பவும் ஒரு ஈரப்படலம் இருந்துக்கிட்டே இருக்கும், அந்த ஈரத்துல உப்பும் இருக்கதால துரு ரொம்ப வேகமாப் பிடிக்கும். கேட்டுக் கீல், துணி காயப்போடுற கம்பி, சைக்கிள் செயின், ஃபிரிட்ஜ் பின்பக்கம், ஃபேன் ஸ்க்ரூ, எதையும் விடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே துருப்பிடிக்காதேன்னு மொட்டைமாடிக்குக் கைப்பிடி போட்டவங்க வீட்டுல இப்ப காப்பிக்கலர்ல பொட்டுப் பொட்டா நிக்குது. அதுலயும் ரகம் இருக்கு, 202 போட்டா கடல்கரைக்கு ஆகவே ஆகாது, 304 கொஞ்சம் தாங்கும், 316-ல மாலிப்டினம் சேத்திருக்காங்க, உப்புக்கு நிக்கிறது அதுதான். வெலை கூடத்தான். எந்த ரகம் போட்டாலும் அப்பப்ப நல்ல தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும், இத என் மாமியார் எந்த எஞ்சினியரும் சொல்லாமலேயே நாப்பது வருஷமா செய்துக்கிட்டு வாறாங்க, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போய்ட்டு வந்ததும் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஹோஸ் புடிச்சு அடிப்பாங்க.

ஃபோன் விஷயமும் இதே கதைதான். தண்ணி, தூசி புகாதுங்கறதுக்கான ஐபி68 முத்திரை போட்டிருக்கு, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கடையில சொல்லி விப்பாங்க. அந்த டெஸ்ட்டு பண்றது நல்ல தண்ணில. கடல்தண்ணிக்கு அது உத்தரவாதமே இல்ல, தண்ணி புகுந்து கெட்டா பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது, பெட்டிக்குள்ள இருக்க சின்ன எழுத்த வாசிச்சுப் பாருங்க. எங்க வீட்டுக்காரரோட ஃபோன் ஒரு நாளு சார்ஜ் ஏறாம நின்னுட்டு, திங்கள்சந்தையில ரிப்பேர் பாக்குற பையன் லென்ஸ் வச்சு எனக்குக் காட்டினான், சார்ஜ் குத்துற ஓட்டைக்குள்ள பச்சையா பூத்துக் கெடக்கு. செம்புல உப்பு பிடிச்சா வர்ற பச்சை. கடல்கரையில நடந்துட்டு வந்து, கை ஈரம், காத்து ஈரம், அப்படியே ராத்திரி சார்ஜர் குத்தி வைக்கிறது, ஈரமும் உப்பும் இருக்கும்போது கரண்ட்டும் சேர்ந்தா அரிப்பு பல மடங்கு வேகமா நடக்கும்னு அவன் சொன்னான். ஸ்கூல்ல படிச்ச மின்னாற்பகுப்புதான், நம்ம பாக்கெட்லயே நடக்குது.

அதனால எங்க வீட்டுல இப்ப ரெண்டு பழக்கம். கடல்ல இருந்து வந்தா ஈரத்துணியால தொடைச்சு, அப்புறம் உலர்ந்த துணியால தொடைச்சு, கொஞ்ச நேரம் ஃபேன் காத்துல வச்சுட்டுத்தான் சார்ஜ். ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி, அஞ்சு பத்து ரூவாதான். ஒருவேள தண்ணில விழுந்துட்டா அரிசிக்குள்ள புதைக்காதீங்க, ஆப்பிள் கம்பெனியே 2024-ல அப்படிச் செய்யாதீங்கன்னு எழுதி வச்சுட்டு, அரிசித் தூசி உள்ள போய் இன்னும் கெடுக்கும். கடல்தண்ணில விழுந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு, ஐபி68 உள்ள ஃபோன்னா நல்ல தண்ணில லேசா கழுவி உப்பப் போக்கி, ஓட்டை கீழ பாக்க வச்சு ஆற விடணும். கடலுக்குப் போற எங்க தெருக்காரங்க இந்த வம்புக்கே போறதில்ல, பிளாஸ்டிக் பைய மடக்கிச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுருவாங்க, அதுக்குள்ளயே விரல் வச்சுப் பேசுவாங்க.

கரண்ட் போறது பத்தி எழுதாம நம்ம மாவட்டத்துல எந்தக் கருவி பத்தியும் எழுத முடியாது. 2017 நவம்பர் 30-ஐ இங்க யாரும் மறக்கல்ல. ஒக்கி புயல் அடிச்சு ரப்பரும் வாழையும் போஸ்டும் ஒண்ணா விழுந்து கெடந்துச்சு, அம்மா வீட்டுல பன்னிரண்டு நாளு கரண்ட் இல்ல. செல்ஃபோன் டவர்லயும் பேட்டரியும் டீசலும் தீர்ந்ததும் அது அடங்கிருச்சு. எங்க தெருவுல கடலுக்குப் போனவங்க வீட்டுல பொம்பளைங்க ஃபோன கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க, சிக்னல் இல்லாத ஃபோன். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் போன உயிரு எத்தனை. ஆழ்கடலுக்குப் போன படகுக்குக் கரையில இருந்து சேதி சொல்ல வழியே இல்லாமப் போச்சு, சாதா வயர்லெஸ் செட்டு கரைக்குப் பக்கம்தான் எட்டும். அதுக்கப்புறம்தான் இஸ்ரோ செய்த, செயற்கைக்கோள் வழியா ரெண்டு பக்கமும் சேதி போற டிரான்ஸ்பாண்டர் படகுகளுக்கு வருது. என்னைக் கேட்டா நம்ம மாவட்டத்துக்கு வந்ததுலயே முக்கியமான கருவி அதுதான், எந்த ரிவ்யூ வீடியோவுலயும் அது வராது. படகுல அது சும்மா மாட்டிக் கெடக்கக்கூடாது, போறதுக்கு முன்னால ஒரு தடவை சேதி அனுப்பி வேலை செய்யுதான்னு பாத்துட்டுத்தான் கயிறு அவுக்கணும்னு என் கொழுந்தன்கிட்ட ஒவ்வொரு வாட்டியும் சொல்லுதேன்.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, பழைய லேண்ட்லைன் ஃபோன் வீட்டுல கரண்ட் இல்லாட்டாலும் பேசும். எக்ஸ்சேஞ்சுல பெரிய பேட்டரி இருக்கும், அதுல இருந்து 48 வோல்ட்டு அந்தச் செம்புக் கம்பி வழியாவே வந்துரும், வீட்டுக் கரண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்ப ஃபைபர் வந்தப்புறம் நம்ம வீட்டு ரவுட்டர் செத்தா லேண்ட்லைனும் சேந்து செத்துரும். அதனால ரவுட்டருக்குன்னு ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்க, உள்ளங்கை சைஸ்தான் இருக்கும், உள்ள லித்தியம் செல்லு, எங்க வீட்டுல மூணு மணி நேரத்துக்கு மேல தாங்குது. வாங்கும்போது ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்க வோல்ட்டும் ஆம்பியரும் பாத்து வாங்கணும், பெரும்பாலும் 12 வோல்ட்டு, சிலது 9. மாத்திக் குத்தினா அதோட முடிஞ்சு.

இன்வெர்ட்டர் வாங்குறவங்க கடைக்காரர் சொல்லுற "எட்டு மணி நேரம் நிக்கும்"ங்கறத அப்படியே நம்பாம ஒரு கணக்குப் போட்டுப் பாக்கணும். 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி, 12 வோல்ட்டு, பெருக்கினா 1800 வாட் அவர். லெட் ஆசிட் பேட்டரிய முழுசா வடிய விட்டா சீக்கிரம் கெட்டுரும், பாதியோட நிறுத்தணும், அப்ப 900. இன்வெர்ட்டர் தின்னுற நஷ்டம் ஐஞ்சுல ஒரு பங்குன்னு வச்சா மிச்சம் 720. இப்ப 75 வாட் ஃபேன் ரெண்டு, 9 வாட் லைட்டு நாலு, ரவுட்டர் ஒரு 10, மொத்தம் 196. மூணரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதே வீட்டுல ஃபேன் ரெண்டையும் கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட்டு பிஎல்டிசி ஃபேனா மாத்தினா மொத்தம் 106, அப்ப ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட வரும். பேட்டரியப் பெருசாக்குறதுக்கு முன்னால ஃபேன மாத்துங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுறது இதனாலதான், கரண்ட் இருக்க நாள்லயும் அது மிச்சம் புடிச்சுத் தருது, ரெண்டு மாச பில்லுல நல்லாத் தெரியும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், மழைத்தண்ணி சுத்தம்தானேன்னு ஊத்துனவங்கள எனக்குத் தெரியும், ஓட்டு மேலயும் ஓடை வழியாவும் வர்ற தண்ணி எப்படி சுத்தமா இருக்கும். காத்து போற இடத்துல வைங்க, சாமி படத்துக்குக் கீழ விளக்கு கொளுத்துற இடத்துல வேண்டவே வேண்டாம், சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு வரும்.

அப்புறம் ஒரு சின்ன பேட்டரி ரேடியோ. நாகர்கோவில் வானொலி எஃப்எம் 101-ல கிடைக்கும். நெட்டு, டவர், எதுவும் வேண்டாம் அதுக்கு. கூடவே சில்லறை நோட்டா ஒரு ரெண்டாயிரம் ரூவா, டவர் இல்லாத நாள்ல க்யூஆர் அட்டை வெறும் அட்டைதான்.

மாமாவோட காது மெஷின் பத்தியும் சொல்லணும். முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்துல இருந்தவரு, இப்ப ரெண்டு காதும் மந்தம். மெஷின் வாங்கின முதல் வருஷத்துலயே ரெண்டு தடவை ரிப்பேர், அவரும் வெறுத்துப் போய் "எனக்கு இது வேண்டாம், நீங்க சத்தமாப் பேசுங்க"ன்னு டப்பாவுல போட்டு வச்சிட்டாரு. வேர்வையும் உப்புக்காத்தும்தான் காரணம்னு ரிப்பேர்க்கு எடுத்தவங்க சொன்னாங்க, ராத்திரி அதக் கழட்டி பேட்டரிக் கதவத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல மூடி வைங்கன்னு ஒரு வழியும் சொன்னாங்க. அந்த ஜெல்லோட ஆரஞ்சு மணி ஈரம் இழுத்துப் பச்சையானா மாத்திரணும். அந்தச் சின்ன பேட்டரி காத்துல வேலை செய்யுறது, மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கர உரிச்சா ஓட ஆரம்பிச்சுரும், திருப்பி ஒட்டினாலும் நிக்காது, அதனால நாளைக்குன்னு சொல்லி இன்னைக்கே உரிக்கக் கூடாது. உரிச்சதும் ஒரு நிமிஷம் வெளிய வச்சிருந்து அப்புறம் உள்ள போட்டா நல்லா நிக்கும். இப்ப ஒண்ணரை வருஷமாச்சு, ரிப்பேரே இல்ல. பேத்தி பாடம் சொல்லுறத எதிர்ல இருந்து கேக்காரு, தப்பாச் சொன்னா திருத்தவும் செய்யுறாரு. எங்க வீட்டுல உள்ள எல்லாக் கருவியையும் தள்ளி வச்சுட்டு ஒண்ண மட்டும் காப்பாத்துன்னு சொன்னா நான் அந்த டப்பாவத்தான் எடுப்பேன்.

மிக்ஸி பத்தி ரெண்டே வரி. தேங்காய் அரைக்காத நாளே இல்லாத நம்ம அடுக்களைக்கு 750 வாட்டு வாங்கிருங்க. அரைக்கும்போது சட்டுன்னு நின்னா ரிப்பேர்க்குக் கொண்டு ஓடாதீங்க, கவுத்துப் பாருங்க, அடியில ஒரு சின்ன பொத்தான் வெளிய தள்ளி நிக்கும், ஆற விட்டு அமுக்கினா திருப்பி ஓடும்.

கல்ஃபுக்குப் போற பிள்ளைங்களுக்கும் ஒண்ணு, பவர் பேங்க் கைப்பையிலதான் வைக்கணும், பெரிய பெட்டிக்குள்ள போட்டா திருவனந்தபுரத்துல பெட்டியத் திறக்கச் சொல்லுவாங்க. 20000 எம்ஏஎச்னா 74 வாட் அவர்தான், 100 வரைக்கும் கொண்டு போகலாம்.

இப்ப என் நாத்தனாருக்கு ஏசி வாங்கணும், மணவாளக்குறிச்சில வீடு, கடல் நடந்து போற தூரம். அஞ்சு ஸ்டார், வைஃபைன்னு அவ லிஸ்ட்டு அனுப்பியிருக்கா. நான் கேட்டது வெளிய வைக்கிற யூனிட்டு எந்தச் சுவருலன்னு. தெக்குப் பக்கம் கடலப் பாத்த சுவருலயாம், அங்கதான் ஏற்கெனவே ஓட்டை போட்டு வச்சிருக்காங்களாம். அந்தச் சுவருல வேண்டாம், கிழக்கு மதில் பக்கம் காத்து நேரா அடிக்காத இடம் ஒண்ணு இருக்கு, பைப்பு ஒரு ரெண்டு மீட்டர் கூடினாலும் பரவாயில்ல, ஸ்டாண்டு இரும்புல வேண்டாம், தண்ணிக் குழாய் பக்கத்துல இருந்தா கழுவவும் லேசுன்னு சொல்லியிருக்கேன். அவ இன்னும் சம்மதிக்கல்ல, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மாமியாரையும் கூட்டிக்கிட்டுப் போய் சுவரப் பாக்கணும்.